பதினாலாம் ரேக்கின் காய்ச்சல்

"இருபத்தெட்டரை," என்றார் எலக்ட்ரீஷியன்.

"நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்தா இருபத்தெட்டே முக்கால்."

ஜில்லு தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பதினாலாவது ரேக் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல நின்றது. இருபத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை. மற்ற பத்தொன்பது ரேக்குகளும் சமர்த்தாக இருபத்துநான்கில் இருந்தன.

அது ஒரு டேட்டா சென்டர். ஊரார் எடுக்கிற போட்டோ, அனுப்புகிற கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து குடியேறும் இடம். ரேக் என்பது ஆளுயர இரும்பு அலமாரி. அதற்குள் சர்வர் என்கிற கணினிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள். சர்வர் என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது. சூடாவது மட்டும் தெரியும்.

அந்தச் சூட்டைக் கட்டி மேய்ப்பதுதான் ஜில்லுவின் உத்தியோகம். ஹாலின் தரைக்கு அடியில் இன்னொரு தரை உண்டு. இரண்டுக்கும் நடுவே குளிர்காற்று ஓடும். ரேக்குகளின் முன்னால் பதித்த ஓட்டை டைல்கள் வழியாக அது மேலே வந்து, சர்வர்களுக்குள் புகுந்து, பின்பக்கமாகச் சூடாகி வெளியேறும். முன்னால் வருகிற குளிர்காற்றும் பின்னால் போகிற சூட்டுக்காற்றும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பங்காளிகளை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பது மாதிரி, ஜில்லு இந்த வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எந்த மின்விசிறி எந்த ரேக்கில் சுற்றுகிறது என்று சொல்லிவிடுவார். வருஷம் முழுக்க ஸ்வெட்டரோடு திரிந்ததால் வந்த பெயர்தான் ஜில்லு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இந்த நிம்மதிக்குத்தான் இப்போது ஏழரை பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலை தலைமை அலுவலக அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. புதிய குளிர் இயந்திரம் வாங்கித் தர முடியாது. இருக்கிற காற்றை ஒழுங்காகத் திருப்பிவிட்டாலே போதும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானே வருவேன். அதற்குள் பதினாலாம் ரேக் இருபத்தேழுக்குக் கீழே வராவிட்டால், ஹாலை வெளியாட்களிடம் ஒப்படைத்துவிட்டு உங்களைப் பேட்டரி கிடங்குக்கு மாற்றுவேன்.

பேட்டரி கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை. ஒரு ஜன்னல். ஆயிரத்து இருநூறு பேட்டரிகள். அவற்றில் எதுவும் சத்தம் போடாது. ஜில்லுவுக்கு வியர்வையைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. இந்த ஹாலின் இரைச்சல் இல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் கவலை.

"அறிக்கைன்னு ஒண்ணு வந்ததே, அதுவரைக்கும் நல்லது," என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். "இல்லைன்னா இது சூடாகுறதே நமக்குத் தெரிஞ்சிருக்காது."

உண்மைதான். போன மாதம் வரை அவர் கையில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரேக் ரேக்காகப் போய்ப் பார்த்து எழுதுவார். இதெல்லாம் பழங்கால வழக்கம் என்று அதிகாரி சொன்னதால், இந்த மாதம் ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு சென்சார் ஒட்டப்பட்டது. மாடியில் இருக்கும் மென்பொருள் மேடம் அந்த எண்களைச் சேர்த்து மணிக்கொரு தடவை அறிக்கையாக அனுப்ப ஆரம்பித்தார். அந்த அறிக்கையில்தான் பதினாலாம் ரேக்கின் காய்ச்சல் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது.

"இதுல அப்படி என்னதான் ஓடுது?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"அது நமக்குத் தெரியக் கூடாது."

அதுதான் அங்கே விதி. எந்தப் பெட்டியில் எந்த வாடிக்கையாளரின் வேலை ஓடுகிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. எந்த சர்வர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. ரகசியத்தைப் பாதுகாக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். மேலே இருப்பவர்களிடம் சர்வரின் பெயர் இருக்கும். கீழே இருப்பவர்களிடம் ரேக்கின் எண் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளே கிடையாது.

முதல் வைத்தியம் சுலபமானதுதான். ஒன்பதாம் ரேக்கின் முன்னாலிருந்த ஓட்டை டைல்களில் இரண்டைப் பெயர்த்து, பதினாலின் முன்னால் போட்டார்கள். குளிர்காற்று புஸ்ஸென்று மேலே வந்து எலக்ட்ரீஷியனின் லுங்கி போலத் தொளதொளத்த பேன்ட்டை உப்ப வைத்தது.

ஜில்லு சுவர் போனை எடுத்து மாடிக்குப் பேசினார்.

"மேடம், மணிக்கு ஒரு தடவை அறிக்கை வந்தா எனக்குப் பத்தாது. நான் பண்றது வேலை செய்யுதான்னு உடனே தெரியணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்புங்களேன்."

"அதுக்கென்ன சார், அனுப்பிட்டாப் போச்சு," என்றார் மேடம். எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத பெண்மணி. சைனஸ் தொல்லை என்பதால் குளிரும் ஹாலுக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பத்து நிமிடத்தில் பதினாலாம் ரேக் அரை டிகிரி இறங்கியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தொன்பது. ஒன்பதாம் ரேக்கும் கோபித்துக்கொண்டு இருபத்தாறுக்கு ஏறியிருந்தது.

"டைல் பிரச்சனை இல்ல," என்றார் ஜில்லு. "காலி இடம். அங்கங்க சர்வர் இல்லாத தட்டு காலியா கெடக்கு பாருங்க. பின்னாடி இருக்கிற சூட்டுக்காத்து அந்தச் சந்து வழியா முன்னாடி வந்துடுது."

காலித் தட்டுகளை மூடுவதற்கென்றே தகடுகள் உண்டு. அவற்றைக் கேட்டு மனுப் போட்டால் மூன்று மாதம் ஆகும். எனவே எலக்ட்ரீஷியன் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கத்திரியால் நறுக்கினார். "உடையும் பொருள்" என்று அச்சடித்த அட்டைகள் வரிசையாக ரேக்கின் முகத்தில் ஒட்டப்பட்டன. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஆனால் கணக்குப்படி சரி.

செவ்வாய்க்கிழமை மதியம் டேப்பின் பசை சூட்டில் இளகிவிட்டது. விழுந்த அட்டைகள் கீழேயாவது விழுந்திருக்கலாம். சர்வர்களின் விசிறிகள் அவற்றை இழுத்துத் தங்கள் வாயிலேயே பொத்திக்கொண்டன. முப்பது டிகிரி.

அன்று மாலை அதிகாரியே போனில் வந்தார்.

"அறிக்கை பாத்தேன். முப்பதுன்னு போட்டிருக்கு."

"சரி பண்ணிக்கிட்டிருக்கோம் சார்."

"எப்படிச் சரி பண்ணுவீங்க? காத்து எப்படிப் போகுதுன்னே உங்களுக்குத் தெரியாதே. ஹாலுக்குள்ள காத்து எந்த மூலையில சுத்துது, எங்க முட்டுது, எல்லாத்தையும் கலர்ப் படமாப் போடச் சொல்லுங்க. அசையுற படமா இருக்கணும். நாளைக்கு எவ்வளவு சூடாகும்னு முன்கூட்டியே கணக்கும் வேணும். எனக்கும் ஒரு காப்பி."

"நீங்க பாக்குறதுக்கா சார்?"

"நான் பாக்குறேனோ இல்லையோ, வரணும்."

ஜில்லு மாடிக்குப் பேசினார். மேடம் முதல் முறையாகச் சற்றுத் தயங்கினார்.

"பண்ணலாம் சார். காத்தோட ஓட்டத்தைக் கணக்குப் போடுறது கொஞ்சம் பெரிய வேலை. ஒரு சர்வர் தாங்காது. சும்மா கெடக்குறதுல இன்னும் நாலு எடுத்துக்கட்டுமா?"

"நாலு என்ன, நாப்பது எடுத்துக்கோங்க மேடம். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள சூடு எறங்கணும், அவ்வளவுதான்."

புதன்கிழமை காலை படம் வந்தது. நீலமும் பச்சையுமாகக் காற்று அலை அலையாக நெளிந்தது. பார்க்க அத்தனை அழகு. பதினாலாம் ரேக் மட்டும் நட்டநடுவில் ரத்தச் சிவப்பாக இருந்தது. முப்பத்தொன்று.

"திரை போடணும்," என்று ஜில்லு தீர்மானித்தார். குளிர்காற்று வரும் சந்தின் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் திரையால் அடைத்துவிட்டால் அது வேறெங்கும் ஓடிவிடாது. பெரிய டேட்டா சென்டர்களில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் திரைக்கு எங்கே போவது?

வீட்டுக்குப் போனார். குளியலறைக்குள் புகுந்து, நீலத் தரையில் மஞ்சள் மீன்கள் நீந்தும் திரையை வளையம் வளையமாகக் கழற்றினார்.

"அது எதுக்கு இப்போ?" என்று மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"ஆபீஸுக்கு."

"ஆபீஸ்ல குளிக்கப் போறீங்களா?"

"சூடு குறையணும்மா. வேலை போயிடும் போலிருக்கு."

"பத்தொன்பது வருஷமா ஊருக்கெல்லாம் குளிர வெக்கிறீங்க. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு வாரமா வெந்நீர் தருது. அதைக் கேட்டீங்களா?"

ஜில்லுவுக்குத் தொழில் மானம் குத்தியது. திரையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே மாமனார் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"கூலிங் ஆச்சான்னு பாக்குறேன் மாப்ளை. இன்னும் ஆகல."

"எத்தனை தடவை பாப்பீங்க?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. பாக்காம எப்படித் தெரியும்?"

ஜில்லு தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, நீங்க மூடி வெச்சாத்தான் அது குளிரும்! இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"படிச்சவர் சொல்றீங்க, சரிதான்," என்று மாமனார் கதவை மூடினார். மூடிவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

"இவரை வெச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றியோ!" என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு ஜில்லு கிளம்பினார். அவள் தன் அப்பாவையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மீன்திரை கட்டப்பட்டது. ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு திரை காற்றில் உப்பத் தொடங்கியது. உப்பி, ஆடி, கடைசியில் டப்பென்று பறந்து போய்ப் பதினாலாம் ரேக்கின் முகத்தில் ஈரத்துணி மாதிரி அப்பிக்கொண்டது. கேமராவில் பார்த்த வாசல் காவலர், ஹாலுக்குள் மீன் நீந்துகிறது, தண்ணீர் புகுந்துவிட்டது என்று சைரனை அழுத்திவிட்டார். கட்டடமே வெளியே ஓடிப்போய் வெயிலில் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது முப்பத்துமூன்று.

வியாழக்கிழமை ஜில்லு போனை எடுத்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

"மேடம், அஞ்சு நிமிஷம் ரொம்ப லேட்டு. நடுவுல என்ன நடக்குதுன்னே தெரியல. செகண்டுக்கு ஒரு தடவை வேணும்."

"நம்பரா சார், படமா?"

"ரெண்டும்."

"அதிகாரி சாரும் இப்பத்தான் கூப்பிட்டாரு. ஒவ்வொரு ரேக்குக்கும் தனித்தனிப் படம் வேணுமாம். அப்போ மொத்தம் பன்னெண்டு சர்வர் ஆகும் சார். எல்லாத்தையும் முழு மூச்சா ஓட விடணும்."

"விடுங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் எனக்கு உதவி பண்றீங்க," என்றார் ஜில்லு, நெஞ்சு நெகிழ்ந்து.

கடைசி அஸ்திரமாக எலக்ட்ரீஷியன் தன் வீட்டிலிருந்து நின்று சுற்றும் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினாலாம் ரேக்கின் முன்னால் வைத்துச் சுழல விட்டார். அது இடமும் வலமும் தலையை ஆட்டியது. இடப்பக்கம் திரும்பும்போது குளிர்காற்றையும், வலப்பக்கம் திரும்பும்போது பின்பக்கச் சூட்டையும் பாரபட்சமில்லாமல் அள்ளி வீசியது. முப்பத்தாறு.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கே அதிகாரி வந்துவிட்டார். அட்டைகள், டேப், மூலையில் சுருட்டி வைத்த மீன்திரை, தலையாட்டும் மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் பதினாலாம் ரேக்கின் எண் செகண்டுக்கு ஒரு தடவை மாறியது. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.

"இதுதான் ஒரு வார வேலையா?"

ஜில்லு மீன்திரையைக் காலால் மூலைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

அதிகாரி பையிலிருந்து மாற்றல் உத்தரவை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அதற்குள் எலக்ட்ரீஷியன் கத்தினார்.

"சார், நாப்பதைத் தொட்டா பெட்டி எரிஞ்சுடும்!"

"இதுல யாரோட வேலை ஓடுது?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது சார்," என்றார் ஜில்லு. "தெரியக் கூடாதுன்னு விதி."

"ஆஸ்பத்திரியா இருக்குமோ?"

"இருக்கலாம் சார்."

"வங்கி?"

"அதுவும் இருக்கலாம்."

அதிகாரிக்கு முதல் முறையாக வியர்த்தது. "அணைச்சுடுங்க."

"நான் அணைக்க மாட்டேன் சார். எழுத்துல கொடுங்க."

முப்பத்தொன்பது. காகிதம் தேட நேரமில்லை. கீழே கிடந்த அட்டை ஒன்றை எடுத்து, "உடையும் பொருள்" என்பதற்குக் கீழே, "பதினாலாம் ரேக்கை அணைக்கவும்" என்று எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஜில்லு சுவிட்சைக் கீழே தள்ளினார்.

பதினாலாம் ரேக்கின் பச்சை விளக்குகள் அணைந்தன. பத்தொன்பது வருஷத்தில் ஒரு ரேக்கைத் தன் கையால் அணைப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

"சுவத்துத் திரையிலயும் ஒண்ணையும் காணோமே," என்றார் எலக்ட்ரீஷியன்.

"அது கெடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றார் அதிகாரி. "இப்ப சூடு எவ்வளவு?"

ஜில்லு சட்டைப் பையிலிருந்து பழைய தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். முப்பத்தைந்து. சற்று நேரத்தில் முப்பத்தொன்று. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது இருபத்தைந்து.

"மூணு மணிக்குள்ள எறங்கிடுச்சு சார்," என்றார் மெல்ல.

"செத்தவன் உடம்புகூடத்தான் குளிரும். அதுக்குப் பேரு வைத்தியமா?" அதிகாரி மாற்றல் உத்தரவைத் தொடையில் வைத்துக்கொண்டு, போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த ரேக்கை நம்பியிருந்த வாடிக்கையாளர் யாரோ, அவர் இப்பக் கூப்பிடுவாரு. வேலை நின்னுபோச்சேன்னு கத்துவாரு. அவருக்கு எவ்வளவு நஷ்டமோ, அந்த நஷ்டத்துக்கு யார் காரணமோ, அவனைத்தான் பேட்டரி கிடங்குக்கு அனுப்பப் போறேன். இதுல மாத்தமே கிடையாது."

மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. தகரக் கூரையும் ஒற்றை ஜன்னலும் ஜில்லுவின் கண்முன் வந்து நின்றன.

மூன்றே கால் மணிக்குப் போன் அலறியது. அதிகாரி ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, பேனாவை உத்தரவின் மேல் வைத்தார்.

மாடி மேடம் மூச்சிரைக்கப் பேசினார்.

"ஜில்லு சார், மத்த வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஜம்முனு ஓடுது, ஒரு குறையும் இல்ல; உங்களுக்கும் அதிகாரி சாருக்கும் சூட்டு அறிக்கை போட்டுக்கிட்டிருந்த பன்னெண்டு சர்வர் மட்டும்தான் ஒரே நேரத்துல நின்னுபோச்சு!"